தராசின் சட்டையும் சரிபார்ப்புக் குழுவும்

மனிதனுக்குத் தோள் இரண்டு என்பது எல்லாரும் அறிந்தது. அந்த இரண்டும் ஒரே உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டை தைப்பவர்கள் எந்தக் காலத்திலோ கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தரை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் வந்து எழுந்து நின்றிருப்பார். பேசியிருக்க மாட்டார், கூச்ச சுபாவம். ஆனால் எழுந்து நின்றிருந்தாலே போதும். அவருடைய வலத்தோள் இடத்தோளைவிட நன்றாக இரண்டு விரல் தாழ்ந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கோப்புக் கட்டுகளை வலக்கையிலேயே தூக்கித் திரிந்ததால் வந்தது அது. கோப்புகளை நகர்த்துவது தடை செய்யப்படவில்லை; முடிப்பதுதான் வழக்கத்தில் இல்லை. ஆகவே ஒரே கட்டையே அவர் பல்லாண்டு காலம் மேசைக்கு மேசை சுமந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். குழாய் கேட்டு வரும் பொதுமக்கள்கூட, "தராசு சீட்ல இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

எந்தச் சட்டையைப் போட்டாலும் அது அவர் மேல் வலப்பக்கமாகச் சரியும். காலர் இடது காதைப் பார்த்து ஏறும். பட்டன் பட்டி நடுவயிற்றில் ஒரு வளைவு வளைந்துதான் கீழே இறங்கும். யாரோ பின்னாலிருந்து அவரைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். தையற்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார்.

"எங்க வெட்டு நேர் வெட்டு சார்," என்றார் ஒருவர். "நீங்கதான் கொஞ்சம் சரியா நிக்கணும்."

தராசுக்குப் பெரிய ஆசைகள் இல்லை. பதவி உயர்வை அவர் எப்போதோ மறந்துவிட்டார். ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு சட்டை, தன் உடம்பில் ஒழுங்காக உட்காரும் சட்டை, போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதைத் தானே தைத்துக்கொள்வது என்று ஒரு விடுமுறை நாளில் முடிவு செய்தார்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தது. மனைவியினுடையது. கிழிந்த தலையணை உறைக்கும் கால்சட்டை விளிம்புக்கும் மட்டும் அதன் மூடி திறக்கும்.

"மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் மனைவி. "ஊசி உடைஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும். விரல் போனா எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

"விரல் போனா கையெழுத்துப் போட முடியாதே."

"இப்ப மட்டும் போட்டுத் தள்ளிட்டீங்களாக்கும்! ஊர்ல பாதி வீட்டுல குழாயைக் காணோம்."

அவர் நூல் கோத்தார். பாபின் நூல் சுருண்டது. ஊசி ஓடிய இடத்தில் துணி ஓடவில்லை. துணி ஓடிய இடத்தில் ஊசி இல்லை. ஆனாலும் விடாப்பிடிக்காரர். சின்னச் சின்ன இலை அச்சிட்ட நீலத் துணியில் முதல் சட்டையை முடித்துவிட்டார். முடித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு கைகளையும் துணியின் ஒரே முகத்தை மேலே வைத்து வெட்டியிருக்கிறார் என்று. அதாவது சட்டைக்கு இரண்டும் இடக்கை. அதில் ஒன்றை வலப்பக்கம் பொருத்த வேண்டுமானால் உள்புறத்தை வெளியே திருப்பியாக வேண்டும். திருப்பினார். இலைகள் உள்ளே போய்விட்டன. வலக்கை மட்டும் வெளிறிப்போய், வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது. தோளும் உட்காரவில்லை.

மறுநாள் மற்றச் சட்டைகளெல்லாம் கொடியில் ஈரமாக இருந்தன. வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே இயக்குநர் பார்த்துவிட்டார்.

இயக்குநர் புதுமை விரும்பி. அவர் வந்ததிலிருந்து அலுவலகம் ஒரு நாள்கூடப் பழையபடி இருந்ததில்லை. முதலில் எல்லா மேசையிலும் தொட்டிச் செடி வைக்கச் சொன்னார். பிறகு காலையில் எல்லாரும் மூச்சுப் பயிற்சி. அப்புறம் நாற்காலிகளை எடுத்துவிட்டு நின்றுகொண்டே வேலை. குழாய் இணைப்பு ஒன்றைத் தவிர அவர் கை வைக்காத விஷயம் கிடையாது.

"என்ன இது, ஒரு கை மட்டும் வெளிறியிருக்கு?"

"நானே வீட்ல தைச்சது சார். அது வந்து..."

மிச்சத்தைச் சொல்ல இயக்குநர் விடவில்லை. "நீங்களேவா!" என்று அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "இதுல ஒரு உண்மை இருக்கு. கடைச் சட்டையில உண்மை கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி, உயிரே இல்லாம. இதைப் பாருங்க, ஒரு கை சொல்லுது, மறு கை யோசிக்குது. மன அமைதிக்கு இதைவிட ஒரு பொழுதுபோக்கு உண்டா?"

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. பணியாளர்கள் அனைவரும் தத்தம் சொந்த விருப்பத்தின் பேரில் கட்டாயமாகத் தங்கள் உடைகளை வீட்டிலேயே தைத்து அணிய வேண்டும் என்றும், விருப்பம் இல்லாதவர்கள் அதற்கான காரணத்தை உரிய வழியில் விளக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. திட்டத்துக்குச் சுயதையல் இயக்கம் என்று பெயர். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிற்று. குழாய் சம்பந்தமாக இங்கிருந்து போன எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத தலைமை அலுவலகம், இதற்கு உடனே பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதோடு இயக்குநர் மூச்சுப் பயிற்சியைக்கூட மறந்துவிட்டார்.

பணியாளர்களுக்குத் தைக்கத் தெரியாது. தைக்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதர் அலுவலகத்துக்கு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். தன் வீட்டுக்கும் கடைக்கும் குழாய் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அதில் தனக்கென ஒரு பள்ளமே உண்டாக்கி வைத்திருந்தவர். எல்லாரும் அவரைத் தனித்தனியாக, ரகசியமாகச் சந்தித்தார்கள்.

"ஒரு கை மட்டும் உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி வேணும்," என்றார் கணக்கு அதிகாரி, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு. "வீட்ல தைச்ச மாதிரியே இருக்கணும்."

"இருக்கும் சார். ஆனா கூலி கொஞ்சம் கூட ஆகும்."

"தப்பாத் தைக்கிறதுக்குக் கூடவா?"

"சரியாத் தைக்கக் கை தானா ஓடிடும் சார். தப்புக்குத்தான் உக்காந்து யோசிக்க வேண்டியிருக்கு."

தையற்காரர் யோசித்துத் தைத்தார். ஒருவருக்குக் காலரைக் கோணலாக வைத்தார். இன்னொருவருக்குப் பட்டனும் காஜாவும் ஒன்றையொன்று பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டு நின்றன. அவருடைய குழாய் மனு மட்டும் நகரவில்லை. குழாய் வந்துவிட்டால் அவர் அலுவலகத்துக்கு ஏன் வரப்போகிறார் என்று எல்லாருக்கும் ஒரே பயம். மனுவின் மேல் 'மக்கள் நலன் கருதி நிலுவையில்' என்று எழுதி வைத்தார்கள்.

வரிசையில் நின்ற பொதுமக்கள் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. ஒரு கை வெளிறிய சட்டை போட்டால் மனு நகரும் போலிருக்கிறது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் வரிசை முழுவதும் ஒரு கை வெளுப்பு. மனு நகரவில்லை. மனு நகராததற்குக் காரணம், கை போதிய அளவு வெளுக்காததுதான் என்று அவர்கள் தீர்மானித்துக்கொண்டார்கள்.

ஊரே தைப்பதாகத் தோன்றிய அந்த நாட்களில் நிஜமாகவே வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவர் தராசு. வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவார். தைப்பார், போட்டுப் பார்ப்பார், பிரிப்பார். வலத்தோளில் தையலை இறக்கினால் கைக்குழி பிடித்தது. கைக்குழியைத் தளர்த்தினால் முதுகு உப்பியது. மனைவி முதலில் சிரித்தாள். பிறகு எரிச்சல்பட்டாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவரைப் பிடித்து நிறுத்தி, பழைய செய்தித்தாளை அவர் தோளில் போட்டு, விரலால் மடித்து, சாக்குக்கட்டியால் கோடு இழுத்தாள்.

"வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனியா வெட்டுங்க. ரெண்டையும் சேர்த்து மடிச்சு வெட்டினா எப்படி வரும்? நீங்க என்ன, மடிச்சு வச்சாப்லயா இருக்கீங்க?"

அப்படி வெட்டிய சட்டை முடிந்த மாலையில் அவர் அதை மாட்டிக்கொண்டு பட்டன் போட்டார். எங்கும் இழுக்கவில்லை. காலர் கழுத்தைச் சுற்றி அமைதியாகப் படுத்திருந்தது. பட்டி தொப்புள் வரை நேர்கோடாக இறங்கியது. மனைவி அவரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"திரும்புங்க."

திரும்பினார்.

"கையைத் தூக்குங்க."

தூக்கினார். சட்டை கூடவே வந்து, கூடவே இறங்கியது.

"இத்தனை வருஷமா நீங்க ஒரு பக்கம் சாஞ்சு நிக்கிறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள் அவள். குரலில் கேலி இல்லை. "சட்டைதான் சாஞ்சிருக்கு."

அலமாரிக் கண்ணாடியின் முன் அவர் நின்றார். தேநீர் ஆறியது. அவள் இன்னொரு முறை சூடு பண்ணிக் கொடுத்தாள், திட்டவில்லை.

மறுநாள் அந்தச் சட்டையோடு அலுவலகப் படியேறியவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். சுயதையலில் போலிகள் புகுந்துவிட்டதாகத் தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்திருந்தது. அதைக் களைய, சுயதையல் சரிபார்ப்புக் குழு என்று ஒன்று அன்று காலைதான் அமைக்கப்பட்டிருந்தது. குழுவின் விதி மிக எளிமையானது. வீட்டில் தைத்த உடையில் பிழை இருக்கும். ஆகவே பிழையில்லாத உடை கடையில் வாங்கியதாகக் கருதப்படும். அப்படி வாங்கியவர் தண்டனைக்கு உள்ளாவார். உடை பறிமுதல் செய்யப்படும்.

நாற்காலி எடுக்கப்படாத ஒரே அறையான இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது. இயக்குநரும் கணக்கு அதிகாரியும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு அதிகாரியின் காலர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பெண் குறிப்பெடுத்தாள்.

"பிழை எங்கே?" என்றார் இயக்குநர்.

"இல்லீங்க சார்."

"இல்லைன்னா? நீங்கதான் இந்த இயக்கத்துக்கே முன்னோடி. நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"வீட்லதான் சார் தைச்சேன். தப்பு வந்த இடமெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்."

கணக்கு அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ தப்பு இருந்திருக்கு?"

"இருந்துது சார்."

"அதை நீங்களே எடுத்திருக்கீங்க?"

"ஆமா சார்."

"எழுதிக்கம்மா," என்றார் கணக்கு அதிகாரி தட்டச்சுப் பெண்ணிடம். "ஆதாரத்தை அழிச்சதா ஒத்துக்கிட்டார்."

"சட்டையைக் கழட்டி மேசையில வைங்க," என்றார் இயக்குநர்.

அந்த நிமிடம் வரை தராசு தன் வாழ்நாளில் எந்த மேலதிகாரியையும் எதிர்த்துப் பேசியதில்லை. நாற்காலியை எடுத்தபோதும் பேசவில்லை. நின்றுகொண்டே வேலை பார்த்தார். இப்போது அவர் கை முதல் பட்டனில் நின்றது.

"சார், இதைக் கடையில விக்கவே முடியாது. விலைக்கு வச்சா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. இது எனக்கு மட்டும்தான் பொருந்தும். வேணும்னா நீங்க போட்டுப் பாருங்க. அப்படி உங்களுக்கும் பொருந்திட்டா, நான் கடையில வாங்கினேன்னு எழுதிக்குங்க."

இயக்குநருக்கு அந்தத் தர்க்கம் பிடித்திருந்தது. தன் சட்டையைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டார். அவருடைய தோள்கள் சமமானவை. சட்டை உடனே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. காலர் காதைத் தொட்டது. பட்டி பாம்பு போல நெளிந்தது.

கணக்கு அதிகாரி மெல்லக் கைதட்டினார்.

"என்ன ஒரு சரிவு சார்!"

இயக்குநர் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திரும்பினார். "வெளிறின கை எல்லாம் குழந்தைத்தனம்," என்றார். "அது மேலோட்டமான பிழை. இது ஆழமான பிழை. வெட்டுலயே இருக்கு. தலைமை எழுத்தரே, உங்களைத் தப்பா நினைச்சுட்டோம். நீங்க குற்றமற்றவர்."

"அப்போ சட்டை, சார்?"

"சட்டை இனிமே அலுவலகத்துச் சொத்து. முன்மாதிரி. இதைப் போட்டுக்கிட்டுத்தான் தலைமை அலுவலகத்துக்குப் போகப்போறேன்."

குற்றமற்றவர், கோப்பு அட்டை ஒன்றை நெஞ்சில் பிடித்துக்கொண்டு பனியனோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

"குழாய் கேட்டு வர்றவங்க சட்டையைத்தான் உருவுறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி. "இப்போ உள்ளுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா?" சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போட்டாள். அது வலப்பக்கமாக நழுவி விழுந்தது.

இயக்குநர் அந்தச் சட்டையோடு தலைமை அலுவலகம் போய் வந்த பிறகு, சரிவு ஊரெங்கும் பரவியது. ஒரு தோள் இறங்கிய சட்டை, ஒரு தோள் இறங்கிய ரவிக்கை, ஒரு தோள் இறங்கிய பள்ளிச் சீருடை. கடை வாசல் பொம்மைகளெல்லாம் ஏதோ பாரம் சுமப்பவை போல நின்றன. 'வீட்டில் தைத்தது போன்றது' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

இதைப் பார்த்துத் தராசின் மனம் மெல்லத் தேறியது. பறிபோன சட்டை ஒன்று. இப்போதோ கடைத்தெரு முழுவதும் அவர் அளவுச் சட்டைதான். எதற்காக உட்கார்ந்து தைக்க வேண்டும்? நேரே தையற்காரரின் கடைக்குப் போனார். கொக்கியில் தொங்கிய ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

தையற்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"சரியில்லை சார்."

"சரியா இருக்கே!"

"அதான் சொல்றேன். எல்லாருக்கும் எவ்வளவு அழகாத் தொங்குது, உங்களுக்குத் தொங்கவே இல்லை. நாளைக்கு உங்க குழு பாத்தா என்ன சொல்லும்? நேரா உக்காருது, கடையில வாங்கினதுன்னு சொல்லும். போன தடவையாவது சட்டையைப் பிடுங்கினதோட விட்டாங்க."

தராசு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே தையற்காரர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

"உங்க உடம்புக்குத் தனியாத்தான் சார் தைக்கணும். ரெண்டு தோளும் சமமா வச்சு ஒரு வெட்டு வெட்டித் தர்றேன். இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லை, ஸ்பெஷல் ஆர்டர். போட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும் தொங்கல்னா என்னன்னு. கூலி கொஞ்சம் கூட ஆகும். என் மனுவையும் கொஞ்சம் பாருங்க."

அந்தச் சட்டை வந்தது. வலப்பக்கம் சரிந்தது. காலர் இடது காதைப் பார்த்து ஏறியது. மனைவி மெஷினின் மூடியை எடுத்துப் போட்டு மூடினாள்.

அலுவலகத்தில் இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். எல்லாரும் பார்க்க, அந்தத் தாழ்ந்த தோளில் தட்டிக் கொடுத்தார். "இப்பத்தான் நீங்க தன் கையால தைச்சுப் போடற மனுஷன் மாதிரி இருக்கீங்க," என்றார். வீட்டில் தைத்தது என்று தன் கையெழுத்திட்டுச் சான்றும் அளித்தார். மதியத்துக்குள் தராசைச் சரிபார்ப்புக் குழுவின் தலைவராக நியமித்து உத்தரவு வெளியாயிற்று. தலைவருக்கு ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள்.

தலைவர் முன் வந்த முதல் வழக்கு தட்டச்சுப் பெண்ணினுடையது. அவள் போட்டிருந்த மஞ்சள் ரவிக்கை அவள் உடம்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

தராசு எழுந்து அருகில் போய்ப் பார்த்தார். தொட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கை கூடும் இடத்தில், இப்போதைய தையலுக்குச் சற்று உள்ளே, பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு தரம் பிரித்திருக்கிறாள். இல்லை, இரண்டு தரம். முதுகுப் பக்கம் ஒரு சிறு சுருக்கத்தை மடித்து மறைத்திருக்கிறாள். எத்தனை மாலைகள் இதன்முன் குனிந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். முடித்துவிட்டுக் கண்ணாடி முன் எப்படி நின்றிருப்பாள் என்பதும் தெரியும்.

"தலைவர் என்ன சொல்றீங்க?" என்றார் கணக்கு அதிகாரி.

தராசு நாற்காலிக்குத் திரும்பினார். காலரைக் காதிலிருந்து கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எந்தக் கடையிலம்மா வாங்கினே?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க வாங்கின கடையிலதான் சார்."

குழு கூடி ஆலோசித்தது. தலைவரின் சட்டை வீட்டில் தைத்ததே என்று இயக்குநர் சான்றளித்திருப்பதாலும், மேற்படி ரவிக்கை அதே கடையில் வாங்கப்பட்டதாக அணிந்தவரே ஒப்புக்கொண்டிருப்பதாலும், அந்தக் கடையில் வாங்கும் உடை எதுவாயினும் வீட்டில் தைத்ததாகவே கருதப்பட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தலைவர் கையெழுத்திட்டார்.

இப்போது ஊரில் எல்லாரும் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறார்கள். கடையில்தான் கூட்டம் தாங்கவில்லை.